தலைகீழாகப் பிடித்த கிட்டார்

இன்றைக்கு ஒரு கேள்வியோடு தொடங்கலாம்.

வலதுகைக்காரர்களுக்காகச் செய்த கிட்டார் ஒன்று இருக்கிறது. இடதுகைப் பழக்கம் உள்ள ஒருவர் அதை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொள்கிறார். கம்பி எதையும் கழற்றவில்லை, மாற்றிக் கட்டவில்லை. இப்போது அவரால் பாட்டு வாசிக்க முடியுமா?

"முடியாது" என்று சொல்ல வாயெடுத்தீர்களா? "ஏன் முடியாது?" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? அந்தக் குரல்தான் எனக்குப் பிடித்தது. அதை அடக்கிவிடாதீர்கள். அது இருக்கிற பிள்ளைகள்தான் நல்ல அறிவியல் பிள்ளைகள்.

விடையைத் தேடும் முன்பு ஒரு பாட்டியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன்.

அண்ணனின் பாஞ்சோ

அமெரிக்காவில் வட கரோலினா என்று ஒரு மாநிலம். அங்கே கார்பரோ என்று ஒரு சிற்றூர். 1893-ஆம் ஆண்டு அந்த ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை.

வீட்டில் அவளை எல்லோரும் செல்லப்பெயர் வைத்துத்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆசிரியர் பெயரைக் கேட்டார். அவள் தனக்குத் தானே ஒரு பெயரைச் சொன்னாள்: எலிசபெத்! தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட சிறுமி. எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

அவளுடைய அண்ணனிடம் பாஞ்சோ இருந்தது. அதுவும் கம்பி வாத்தியம்தான். அண்ணன் வேலைக்குப் போனதும் தங்கை அதை எடுத்துக்கொள்வாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கு இடதுகைப் பழக்கம். அண்ணன் பொருளில் கம்பிகளை மாற்றிக் கட்டிவிட்டு அகப்பட்டுக்கொள்ள முடியுமா? வாத்தியத்தையே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் எங்கே போனால் என்ன சுரம் வருகிறது என்று தானே தேடித் தேடிக் கண்டுபிடித்தாள்.

கொஞ்ச நாளில் அண்ணன் வீட்டை விட்டுப் போய்விட்டார். பாஞ்சோவும் அவரோடு போய்விட்டது. எலிசபெத் அழுதுகொண்டு உட்காரவில்லை. சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குப் போனாள். தொடக்கத்தில் மாதம் 75 சென்ட் சம்பளம். காசு சேர்த்து ஒரு கிட்டார் வாங்கினாள். விலை 3 டாலர் 75 சென்ட். நீங்களே கணக்குப் போடுங்கள். மாதம் 75 சென்ட் என்றால் எத்தனை மாதச் சம்பளம்? ஆமாம், ஐந்து மாதம் முழுசாக!

அந்தக் கிட்டாரையும் திருப்பிப் பிடித்துத்தான் வாசித்தாள். 11, 12 வயதிலேயே சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினாள். "ஃப்ரெயிட் ட்ரெயின்" என்று அதற்குப் பெயர். சரக்கு ரயிலைப் பற்றிய பாட்டு. வீட்டுப் பக்கத்தில் ரயில் ஓடினால் பாட்டில் ரயில் வராமல் இருக்குமா?

பிறகு கல்யாணம், குழந்தை, வீட்டு வேலை. தேவாலயத்தில் இந்த மாதிரிப் பாட்டெல்லாம் வேண்டாம் என்றார்கள். கிட்டார் மூலைக்குப் போனது. பல பத்தாண்டுகள் அவர் வாசிக்கவே இல்லை.

அடுத்து நடந்தது கதையில் வருகிற மாதிரி இருக்கும், ஆனால் உண்மை. வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய கடையில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் அங்கே ஒரு சிறுமி தாயைத் தவறவிட்டுத் திகைத்து நின்றாள். எலிசபெத் அவளைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சிறுமியின் பெயர் பெகி சீகர். தாய் ரூத் க்ராஃபோர்ட் சீகர், புகழ்பெற்ற இசையமைப்பாளர். அந்தப் பழக்கத்தில் அவர்கள் வீட்டுக்கே எலிசபெத் வேலைக்குப் போனார். குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் லிப்பா. இனி நாமும் லிப்பா பாட்டி என்றே சொல்லலாம்.

அது இசை நிறைந்த வீடு. சுவரில் கிட்டார் தொங்கும். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் பாட்டி அதை இறக்கி வாசிக்கத் தொடங்கினார். கேட்ட பிள்ளைகள் வியந்துபோனார்கள். பெகியின் அண்ணன் மைக் சீகர் அவர் வாசிப்பை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்தார். 1958-இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது. அப்போது பாட்டிக்கு 60 வயதுக்கு மேல்! அதற்குப் பிறகுதான் மேடை ஏறினார். ஊர் ஊராகப் போய் வாசித்தார். 90 வயதைத் தாண்டிய பிறகு கிராமி விருது வாங்கினார். 1987-இல் மறைந்தார்.

அவர் பெயர் எலிசபெத் காட்டன்.

ஒரு கிட்டாருக்கு ஒரு பெயர்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் என்று ஓர் ஊர் இருக்கிறது. மார்ட்டின் என்ற கிட்டார் நிறுவனம் இருப்பது அங்கேதான். 1833-இல் தொடங்கிய பழைய நிறுவனம். லிப்பா பாட்டி மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் நினைவாக ஒரு சிறப்புக் கிட்டாரை மார்ட்டின் செய்து வெளியிட்டது. குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்தார்கள். "00-18 சிடிஎன்" என்று பெயர்.

பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நாமே பிரித்துப் படித்துவிடலாம்.

"00" என்பது உடம்பின் அளவு. மார்ட்டின் கிட்டார்களில் 0, 00, 000 என்று சுழியம் கூடக் கூட உடம்பும் பெரிதாகும். 00 கொஞ்சம் சின்னது. மடியில் வைத்து விரலால் மீட்ட வசதியானது.

"18" என்பது எந்த மரம், எப்படிப்பட்ட வேலைப்பாடு என்று சொல்கிறது. 18 என்றால் பின்பலகையும் பக்கங்களும் மஹோகனி மரம், மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், அதிக அலங்காரம் இல்லை.

"சிடிஎன்" என்பது காட்டன் என்ற பெயரின் சுருக்கம்.

ஆக, சிறிய உடம்பு, எளிய அலங்காரம், பாட்டியின் பெயர். புரிகிறதா? நல்லது.

இப்போது ஒரு நல்ல கேள்வி எழ வேண்டும். இந்தக் கிட்டாரை நான் வாங்கி மீட்டினால் லிப்பா பாட்டியின் நாதம் வருமா? அவருடைய இசையில் எவ்வளவு இந்த மரத்தில் இருக்கிறது, எவ்வளவு அவர் கையில் இருந்தது? வாருங்கள், கிட்டாரைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். நிஜமாகப் பிரிக்க வேண்டாம், மனத்துக்குள் பிரித்தால் போதும்!

கம்பி மட்டும் பேசினால் கேட்காது

ஒரு ரப்பர் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுகையின் இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்துப் பிடியுங்கள். வலதுகையால் மீட்டுங்கள். மெலிதாக ஒரு சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

இப்போது காலிச் செருப்புப் பெட்டி ஒன்றைத் தேடுங்கள். அட்டைப்பெட்டிதான் வேண்டும். மூடியில் உள்ளங்கை அளவு வட்டமாக ஓட்டை போடச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். பெட்டியைச் சுற்றி அதே ரப்பர் பேண்டை மாட்டுங்கள். ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, ரப்பர் பேண்டுக்கு அடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே செருகுங்கள். இப்போது மீட்டுங்கள்.

கேட்டதா? சத்தம் பெரிதாகிவிட்டது!

ஏன்? ரப்பர் பேண்ட் அதேதான். விரலும் அதேதான். அப்படியானால் கூடுதல் சத்தம் எங்கிருந்து வந்தது?

சத்தம் என்றால் காற்றின் அசைவு. நம் காதுக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் போதுமான அளவு காற்று அசைய வேண்டும். ஓர் ஈர்க்குச்சியை வேக வேகமாக ஆட்டினால் முகத்தில் காற்று படுமா? படாது. காற்று குச்சியின் இரண்டு பக்கமும் நழுவிப் போய்விடும். பனையோலை விசிறியை மெதுவாக ஆட்டினாலே போதும், சில்லென்று வரும். கம்பி ஈர்க்குச்சி. மேல்பலகை விசிறி. அவ்வளவுதான்!

கம்பி அதிர்கிறது. கம்பி உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பிரிட்ஜ் என்று பெயர். உங்கள் பெட்டியில் பென்சில்தான் பிரிட்ஜ். கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாகப் பலகைக்குள் இறங்குகிறது. அகலமான பலகை அசைகிறது. நிறையக் காற்று அசைகிறது. நமக்குக் கேட்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பலகை புதிதாகச் சக்தி எதையாவது கொடுத்ததா? இல்லை! இருப்பதெல்லாம் உங்கள் விரல் கொடுத்த சக்திதான். பலகை இல்லாவிட்டால் கம்பி தனக்குள்ளேயே நீண்ட நேரம் ஆடிக்கொண்டிருக்கும். பலகை இருந்தால் அந்தச் சக்தி சீக்கிரம் காற்றுக்குப் போய்விடும். அதனால் சத்தம் கூடும், ஆனால் சீக்கிரம் அடங்கும். ஒன்றைப் பெற்றால் ஒன்றைக் கொடுக்க வேண்டும். இயற்கை இந்தக் கணக்கில் ஏமாறவே ஏமாறாது.

மூன்று மில்லிமீட்டர் மரம்

மேல்பலகை எவ்வளவு தடிமன் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு விரல் தடிமன்? இல்லை. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்! உங்கள் ஸ்கேலில் மூன்று சின்னக் கோடுகளை எண்ணிப் பாருங்கள்.

இந்த மெல்லிய பலகையை ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து இழுக்கின்றன. மொத்த இழுப்பு சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். ஒரு பெரிய ஆள் எப்போதும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை பிய்ந்து வந்துவிடாதா?

பலகையை ரொம்பத் தடிமனாகச் செய்தால் பிய்யாது. ஆனால் அசையவும் அசையாது. மெல்லியதாகச் செய்தால் நன்றாக அசையும். ஆனால் வளைந்துவிடும். என்ன செய்யலாம்? நீங்கள் கிட்டார் செய்பவராக இருந்தால் என்ன செய்வீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

யோசித்தீர்களா? கிட்டார் செய்பவர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள்.

முதலாவது, மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்ப்ரூஸ் குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலை மரம். எடை குறைவு. ஆனால் அதன் நீளவாக்கு ரேகையில் நல்ல விறைப்பு. லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும் பலகைதான் வாத்தியத்துக்கு வேண்டும். ஸ்ப்ரூஸின் ரேகை வழியே ஒலி, காற்றில் போவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது.

இரண்டாவது, பலகையின் உள்பக்கத்தில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டுகிறார்கள். இரண்டு பெரிய சட்டங்கள் பெருக்கல் குறி வடிவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். மார்ட்டின் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த அமைப்பைப் பயன்படுத்தியது. தேவையான இடத்தில் மட்டும் வலு. மற்ற இடமெல்லாம் அசையலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல்பலகையில் இருக்கும் வட்ட ஓட்டைக்குள் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து எட்டிப் பார்த்தால் சட்டங்கள் தெரியும்.

அந்த வட்ட ஓட்டைக்கும் ஒரு வேலை உண்டு. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஓட்டை வழியாக உள்ளும் வெளியுமாக ஆடுகிறது. ஒரு சாதாரண கிட்டாரில் இந்தக் காற்று விநாடிக்கு ஏறக்குறைய 100 முறை ஆட விரும்பும். அதனால் தாழ்ந்த சுரங்களுக்கு அது கைகொடுக்கிறது. அடுத்த முறை யாராவது கிட்டார் வாசித்தால் அனுமதி கேட்டு, தடித்த கம்பியை மீட்டும்போது ஓட்டைக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மெல்லிய துடிப்பு ஒன்று தெரியும்.

இதுவரை சரிதானே? கம்பி, பிரிட்ஜ், பலகை, பெட்டிக்குள் காற்று. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கோடுகள் ஏன் நெருங்கிக்கொண்டே போகின்றன?

கிட்டாரின் கழுத்தில் உலோகக் கோடுகள் இருக்கும். ஃப்ரெட் என்று பெயர். கூர்ந்து பாருங்கள். தலைப்பக்கம் கோடுகளுக்கு இடையே இடைவெளி அதிகம். உடம்பை நெருங்க நெருங்க இடைவெளி குறைகிறது. 00 அளவுக் கிட்டாரில் முதல் ஃப்ரெட், கம்பி தொடங்கும் இடத்திலிருந்து சுமார் மூன்றரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 11-க்கும் 12-க்கும் நடுவே 2 சென்டிமீட்டர்கூட இருக்காது. ஏன்?

கம்பியின் நீளம் குறைந்தால் சுருதி ஏறும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாவிட்டால் செருப்புப் பெட்டியில் பென்சிலை நகர்த்திப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும், மீதி இருக்கும் நீளத்தில் ஏறக்குறைய 18-இல் 1 பங்கு குறைகிறது. "மீதி இருக்கும் நீளத்தில்" என்பதைக் கவனித்தீர்களா? மீதி குறைந்துகொண்டே வருவதால் அந்தப் பங்கும் குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் கோடுகள் நெருங்குகின்றன.

இப்படி 12 முறை குறைத்தால் கம்பி சரியாகப் பாதி நீளத்துக்கு வந்துவிடும். 63 சென்டிமீட்டர் கம்பி முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் ஆகும். பாதி நீளம் என்றால் இரண்டு மடங்கு அதிர்வெண். கீழ் ஸ, மேல் ஸ என்று பாட்டு வகுப்பில் படித்திருப்பீர்களே, அந்த உறவுதான் இது.

சரி, ஆறு கம்பிகளும் ஏறக்குறைய ஒரே நீளம்தானே? பிறகு எப்படி ஆறு சுரம்? தடிமன்தான் காரணம். தடித்த கம்பி கனமானது, சோம்பேறி. விநாடிக்கு 82 முறைதான் அதிரும். மிக மெல்லிய கம்பி 330 முறை அதிரும். நான்கு மடங்கு! கழுத்தின் முனையில் இருக்கும் திருகாணியை முறுக்கி இழுவிசையைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் சுருதியில் நிறுத்துவார்கள்.

நீளம், கனம், இழுவிசை. சுருதியைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். இந்த மூன்றையும் மறக்காதீர்கள். முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது!

கம்பிக்கு மேல் கீழ் தெரியாது

செருப்புப் பெட்டியில் தடித்த ரப்பர் பேண்ட் ஒன்று, மெல்லியது ஒன்று மாட்டுங்கள். இரண்டையும் மீட்டிச் சுருதியைக் கேட்டு நினைவில் வையுங்கள். இப்போது பெட்டியை அப்படியே அரைவட்டம் திருப்புங்கள். மறுபடி மீட்டுங்கள். சுருதி மாறியதா?

மாறவில்லை! ஏன் மாற வேண்டும்? நீளம் மாறவில்லை. கனம் மாறவில்லை. இழுவிசை மாறவில்லை. எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ரப்பர் பேண்டுக்குத் தெரியாது.

லிப்பா பாட்டியின் கிட்டாரிலும் இதேதான். அவர் கிட்டாரைத் திருப்பினார், கம்பிகளை மாற்றவில்லை. இதில் ஒரு நல்ல பலன் இருக்கிறது. கிட்டாரின் பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டைப் பாருங்கள். அது நேராக இருக்காது, கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஃப்ரெட்டில் வைத்து அழுத்தும்போது கம்பி இழுபடுகிறது, சுருதி கொஞ்சம் ஏறிவிடுகிறது. தடித்த கம்பியில் இந்தக் கோளாறு கூடுதல். அதைச் சரிக்கட்டத் தடித்த கம்பிக்குச் சில மில்லிமீட்டர் அதிக நீளம் கொடுத்திருக்கிறார்கள். சாய்வின் ரகசியம் இதுதான்.

கம்பிகளைக் கழற்றி வரிசையை மாற்றிக் கட்டினால் என்ன ஆகும்? மெல்லிய கம்பிக்கு அதிக நீளம், தடித்த கம்பிக்குக் குறைந்த நீளம் என்று தலைகீழாகிவிடும். மேலே வாசிக்க வாசிக்கச் சுருதி விலகும். கம்பிகள் உட்காரும் பள்ளங்களும் பொருந்தாது. பாட்டி செய்த மாதிரி முழுக் கிட்டாரையும் திருப்பினால் ஒவ்வொரு கம்பியும் தன் சொந்த இடத்திலேயே இருக்கும். சுருதிக்கு ஒரு குறையும் வராது.

பாட்டியின் படத்தைப் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மேல்பலகையில் விரல் உரசாமல் இருக்க ஒரு கறுப்புத் தகடு ஒட்டியிருப்பார்கள். மற்றவர்கள் கையில் அது ஓட்டைக்குக் கீழே இருக்கும். பாட்டி கையில் மேலே இருக்கும்!

மாறியது விரல்களின் வேலை

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? ஒன்று மாறியது. விரல்களின் வேலை!

வழக்கமாகக் கிட்டார் பிடித்தால் தடித்த கம்பிகள் மேலே, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும். கட்டைவிரல் தாழ்ந்த சுரங்களைத் தாளத்தோடு தட்டிக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை வாசிக்கும்.

பாட்டியிடம் இது அப்படியே இடம் மாறியது. மெல்லிய கம்பிகள் மேலே வந்துவிட்டன. அதனால் கட்டைவிரல் பாட்டை வாசித்தது. ஆள்காட்டி விரல் கீழே இருந்த தடித்த கம்பிகளில் தாழ்ந்த சுரங்களை மாற்றி மாற்றி, ஒரே சீராக, தப்பாமல் மீட்டியது. இந்த முறைக்கு அவர் பெயரையே வைத்து "காட்டன் பாணி" என்று இன்றும் சொல்கிறார்கள்.

இதனால் கேட்பதற்கு வித்தியாசம் இருக்குமா? இருக்கும். ஒரு கம்பி முழு நீளமாக மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் பாதி பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும், இன்னும் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் அதிர்கிறது. இந்தச் சின்ன அதிர்வுகள்தான் மேற்சுரங்கள். எந்த மேற்சுரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் நாதம் கூர்மையா, குழைவா என்று நம் காது சொல்கிறது.

அந்தக் கலவையை விரல்தான் முடிவு செய்கிறது. அகலமான, மெத்தென்ற கட்டைவிரல் சதை கம்பியை மீட்டினால் மிகச் சின்ன அதிர்வுகள் அதிகம் கிளம்பாது. நாதம் உருண்டையாக வரும். நகத்தால் மீட்டினால் கூர்மையாக வரும். பிரிட்ஜ் பக்கத்தில் மீட்டினால் இன்னும் கூர்மை. கம்பியின் நடுவில் மீட்டினால் குழைவு. செருப்புப் பெட்டியிலேயே சோதித்துப் பாருங்கள்: ஒருமுறை நகம், ஒருமுறை சதை, ஒருமுறை பென்சில் ஓரம், ஒருமுறை நடுவில்.

மரத்தில் பாதி, கையில் பாதி

இப்போது அந்த நினைவுக் கிட்டாருக்கு வருவோம். அதில் என்ன இருக்கிறது? ஸ்ப்ரூஸின் விறைப்பு, மஹோகனி உடம்பு, பெருக்கல் குறிச் சட்டங்கள், 00 என்ற அளவு. இவையெல்லாம் ஒரு கம்பியின் அதிர்வு காற்றுக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பவை. அவற்றைத் தொழிற்சாலையில் அளந்து செய்ய முடியும். அதே மாதிரி இன்னும் பல செய்ய முடியும்.

கட்டைவிரலின் சதையும், மீட்டும் இடமும், எந்தக் கம்பியை எப்போது தொடுவது என்ற முடிவும் கிட்டாரோடு வராது. அவற்றை அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் ஒரு சிறுமி தானே தேடி எடுத்தாள். நாம் அந்தக் கிட்டாரை வாங்கினால் பாட்டியின் இசையில் பாதிதான் நம் வீட்டுக்கு வரும். மீதிப் பாதியை நாமே பழகித்தான் கொண்டுவர வேண்டும்.

அப்படியானால் அந்த நினைவுக் கிட்டாரால் பயனே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் பாட்டியின் "ஃப்ரெயிட் ட்ரெயின்" பாட்டை அவருடையது என்று சொல்லாமலே பலர் பாடினார்கள். இங்கிலாந்தில் 1957-இல் அது பெரிய வெற்றி பெற்றது. அவர் பெயர் பிறகுதான் அந்தப் பாட்டோடு சேர்ந்தது. தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்த சிறுமியின் பெயர் ஒரு வாத்தியத்தின் பெயரில் நிலைத்திருப்பது நியாயம்தானே? 2022-இல் அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் கௌரவ மண்டபத்திலும் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

செல்லங்களே, எனக்கு லிப்பா பாட்டியை மிகவும் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. "கிட்டாரை இப்படித்தான் பிடிக்க வேண்டும்" என்பது இயற்கையின் விதியா, மனிதர்களின் பழக்கமா? நீளம், கனம், இழுவிசை என்பவை விதி. யார் சொன்னாலும் மாறாது. எந்தக் கை மேலே, எந்த விரல் எதற்கு என்பது பழக்கம். அதை மாற்றலாம். பாட்டிக்கு இந்தச் சொற்களெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விதியைத் தொடாமல் பழக்கத்தை மட்டும் மாற்றினார். அதனால்தான் அவருக்குப் பாட்டு வந்தது.

உங்களில் யாருக்காவது இடதுகைப் பழக்கம் இருக்கிறதா? "அந்தக் கையால் எழுதாதே" என்று யாராவது சொன்னால் இந்தப் பாட்டியின் கதையைச் சொல்லுங்கள். வலதுகைக்காரர்களே, உங்களுக்கும்தான். எதையாவது "இப்படித்தான்" என்று சொன்னால், அது விதியா பழக்கமா என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை: எல்லாப் பொருளையும் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் கத்தரிக்கோலை இடதுகையால் பிடித்து ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். பலருக்குத் தாள் வெட்டுப்படாமல் இரண்டு தகடுகளுக்கும் நடுவே மடங்கிக்கொள்ளும். கத்தரிக்கோலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலும் நிலைமை மாறாது. இடதுகைக்காரர்களுக்கென்று கத்தரிக்கோலைத் தனியாகவே செய்ய வேண்டியிருக்கிறது.

கிட்டாருக்குப் பலித்தது கத்தரிக்கோலுக்கு ஏன் பலிக்கவில்லை? ஒரு துப்புத் தருகிறேன். கத்தரிக்கோலைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும், மேலே இருக்கும் தகடு உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறதா, இடப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் படம் வரைந்து, உங்கள் விடையை இரண்டே வரியில் எழுதி, நாளை அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.